பரண்மேல் இருக்கும் நீலப் பை

வாசகர் கேள்வி (சுருக்கித் தந்திருக்கிறோம்):

எனக்கு 53 வயது. கடலூரில் தென்பெண்ணைக்குப் பக்கத்தில் 30 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்த ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் காதுகுத்து ஆல்பம் எல்லாம் கூழாகிவிட்டன. இனி இங்கே வேண்டாம் என்று புதுச்சேரி லாஸ்பேட்டையில் முதல் மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம். தை பிறந்ததும் குடிபோக வேண்டும். பரண்மேல் மூன்று டிரங்குப் பெட்டி நிறையப் பிள்ளைகளின் துணிகள். பிறந்தபோது போட்ட ஜப்லாவிலிருந்து பள்ளிக்கூட யூனிபாரம் வரை இருக்கிறது. அதோடு சீர்ப் பாத்திரங்கள், என் அம்மா கொடுத்த வெண்கலப் பானை. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்க்கிறேன், திரும்பவும் உள்ளே வைத்துவிடுகிறேன். ஒரு மாதமாக இதுதான் நடக்கிறது. மகளுக்கு 28 வயது, கோவையில் இருக்கிறாள், ஐந்து மாதம். "பழசெல்லாம் எதுக்கும்மா, யாருக்காவது குடுத்துடு" என்கிறாள். மகனுக்கு 22 வயது, அவனுக்கு எதுவும் வேண்டாமாம். கணவர், "போகிக்கு எல்லாத்தையும் கொளுத்திடலாம்" என்றார். அன்றிலிருந்து அவரோடு சரியாகப் பேசவில்லை. பெட்டியில் ஒரு நீலப் பை இருக்கிறது. அதில் இருப்பது யாருமே போடாத துணி. 2000-ஆம் வருடம் நான் மாசமாக இருந்தபோது, ஏழாம் மாதத்திலேயே ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. அந்தக் குழந்தை தங்கவில்லை. அதை மகளுக்குப் பிறக்கும் குழந்தைக்குப் போடலாமா, தோஷமா? வெறும் துணிக்கு இப்படி அழுகிறேனே, எனக்கு மனநலம் சரியில்லையா?
(கடலூர் வாசகி)

அன்புள்ள சகோதரி,

போகி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எதையும் கொளுத்த வேண்டாம். பள்ளி யூனிபாரத்திலும் கடையில் வாங்கிய கவுன்களிலும் பாலியெஸ்டர் கலந்திருக்கும். எரிந்தால் அது உருகிக் கரும்புகையாகும், தெருவில் இருக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சு முட்டும். டயர், பிளாஸ்டிக், செயற்கைத் துணி எதையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் கேட்டுக்கொள்கிறது. ஆனால் நான் வேண்டாம் என்பதற்குப் புகை மட்டும் காரணமில்லை. அதைக் கொஞ்சம் சுற்றிவந்து சொல்கிறேன்.

மனநலம் சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பொருட்களைச் சேர்த்துக்கொண்டே போய், எதையும் விட முடியாமல் தவிப்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் ஒரு தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அடுப்பங்கரையில் சமைக்க இடமிருக்காது, கட்டிலில் படுக்க முடியாது. பழைய பேப்பரையும் காலி டப்பாவையும் யாராவது தொட்டால்கூடப் பதறுவார்கள். அதனாலேயே வீட்டுக்கு ஆள் வருவது நின்றுபோயிருக்கும். உங்கள் வீட்டில் மூன்று பெட்டிகள் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பரண்மேல் இருந்தன. வீடு மாறுவதால் இப்போது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அழுகை வருகிறது. இது துக்கம். துக்கத்துக்கு அழத்தான் வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதற்கும் எழுந்திருக்கவே முடியாமல் போனால் மட்டும் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், இரவானாலும் பேசலாம்.

நான் புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேல் ஆலோசகராக இருக்கிறேன். கடலூரிலிருந்து வருகிறவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். 2004 டிசம்பரில் சுனாமி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். 2015-ல் மழை வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சலும் அதன் பின்னால் தென்பெண்ணையும். இருபது வருடத்துக்குள் நான்கு முறை. உங்கள் பக்கத்தில் வீட்டுச் சாமான் போயிற்று என்றால் தண்ணீர் கொண்டுபோயிற்று, காற்று கொண்டுபோயிற்று என்றுதான் அர்த்தம். எதுவும் உங்களைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. இந்த நிலையில் கணவர் "கொளுத்திடலாம்" என்கிறார், மகள் "குடுத்துடு" என்கிறாள். இரண்டு பேருக்கும் உங்கள்மேல் அக்கறைதான். ஆனால் உங்கள் காதில் அது இன்னொரு வெள்ளம் வருகிறது என்றுதான் விழுந்திருக்கும்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இந்த முறை உங்களைக் கேட்காமல் ஒரு கைக்குட்டைகூட அந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது. போவதெல்லாம் உங்கள் கையால்தான் போக வேண்டும். எத்தனையோ பேர் இதைச் சொன்ன பிறகு தானாகவே கை தளர்ந்து கொடுக்க ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். யாரோ பிடுங்க வருகிறார்கள் என்ற பயம் இருக்கிறவரை பிடி இறுகத்தான் செய்யும்.

சரி, வேலைக்கு வருவோம். துணிப்பெட்டிகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். இருப்பதிலேயே கனமானதை முதலில் தூக்கப் போய்த்தான் ஒரு மாதமாகச் சோர்ந்துபோயிருக்கிறீர்கள். சமையலறையில் ஆரம்பியுங்கள். மூடி தொலைந்த டப்பா, காலி ஹார்லிக்ஸ் பாட்டில், மோட்டார் போன மிக்ஸியின் ஜார், தேதி முடிந்த மாத்திரை, என்றோ வெடிப்பு விட்ட பிளாஸ்டிக் குடம். இவற்றில் மனசு ஒட்டியிருக்காது. "இது போகலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு வாரம் இதைச் செய்தாலே போதும், கைக்கு ஒரு தைரியம் வந்துவிடும்.

சீர்ப் பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அதைக் கொடுக்கப் போனால் கொடுத்தவரையே அனுப்பிவிடுவதுபோல ஒரு கூச்சம் வரும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து யார் கொடுத்தது, என்ன விசேஷம், எந்த வருடம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கல்யாண ஆல்பம் போன பிறகு உங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதற்கு அந்தக் குடமும் தூக்குச்சட்டியும்தானே சாட்சி. எழுதி முடித்த பிறகு, பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொள்ளும் கடையில் போட்டு லாஸ்பேட்டை வீட்டுக்கு வேண்டிய இரண்டு மூன்றை மாற்றிக்கொள்ளலாம். அம்மா கொடுத்த வெண்கலப் பானையை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். புது வீட்டில் பால் காய்ச்ச அதையே எடுத்துப் போங்கள்.

பிறகு துணி. பகல் வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். இரவில் வேண்டவே வேண்டாம். கூட ஒருவர் இருப்பது நல்லது. அவசரப்படுத்துகிற ஆளாக இல்லாமல், கதை கேட்கிற ஆளாக இருக்க வேண்டும். அக்காவோ, பக்கத்து வீட்டு அம்மாவோ யாராக இருந்தாலும் சரி.

ஒவ்வொரு துணியையும் கையில் எடுக்கும்போது, இதைப் பார்த்தால் ஒரு நாள் ஞாபகம் வருகிறதா, வயசு மட்டும் ஞாபகம் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "இது அவளுக்கு மூணு வயசில் போட்டது" என்று தோன்றினால் அது வயசு. "இந்தப் பாவாடையோடுதான் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரன்று கூட்டத்தில் கையை விட்டுவிட்டுப் போய், பலூன்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்" என்று தோன்றினால் அது நாள். "தேவனாம்பட்டினம் கடற்கரையில் முதல்முறை அலை காலில் பட்டு வீறிட்டது இந்தச் சட்டையில்தான்" என்றால் அதுவும் நாள். நாள் உள்ள துணி உங்களோடு வரட்டும். வயசு மட்டும் உள்ள துணி இன்னொரு குழந்தைக்குப் போகலாம். என் அனுபவத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தால் பத்துப் பன்னிரண்டு துணிதான் நாளோடு வரும். மீதியெல்லாம் ஒரே மாதிரி பனியனும் டிராயரும் கவுனும்தான். அவற்றைக் கொடுக்கும்போது வலி குறைவாக இருப்பதை நீங்களே உணர்வீர்கள்.

நாள் உள்ள துணிக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த நாளை ஒரு துண்டுத் துணியில் எழுதி அதிலேயே இரண்டு தையல் போட்டு வையுங்கள். ஊக்கு குத்த வேண்டாம், நம் கடற்காற்றுக்குத் துருப்பிடித்துக் கறையாகிவிடும். ஆல்பம் போய்விட்டதால்தான் இந்தத் துணிகள் உங்களுக்கு இவ்வளவு கனமாகிவிட்டன. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்ததற்கு இதைத் தவிர ஆதாரமில்லை என்று மனசு நினைக்கிறது. அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கலாம். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். அவர்களுடைய ஆல்பத்திலும் உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள். பண்ருட்டியில் இருக்கும் சித்தி வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் உங்கள் மகள் ஒரு ஓரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அதைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளத்தில் ஆல்பம் இழந்த இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நாற்பது படத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தது.

கொடுக்கப்போகும் துணியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி விடுதி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன இடத்தில், சொல்லாத இடத்தைவிட அதிகப் பொருட்களைக் கொடுத்தார்களாம். நினைவு போய்விடும் என்ற பயம்தான் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் இரண்டு பொருளாதார அறிஞர்களும் 1990-ல் வெளியிட்ட ஒரு சோதனையும் உண்டு. சிலருக்கு ஒரு காபி கோப்பையைக் கொடுத்து, இதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள். சற்று முன்னால் கைக்கு வந்த சாதாரணக் கோப்பைக்கே அப்படியென்றால், நீங்களே துவைத்து, காயவைத்து, மடித்து வைத்த சட்டைக்குக் கேட்க வேண்டுமா? நீங்கள் தயங்குவதில் அசாதாரணம் எதுவும் இல்லை.

கொடுப்பதைப் பற்றி ஒரு வேண்டுகோள். சுனாமி முடிந்த சில நாட்களில் தன்னார்வலராகத் தேவனாம்பட்டினம் வந்திருந்தேன். எங்கிருந்தோ லாரியில் வந்த பழந்துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. கிழிந்தது, பட்டன் இல்லாதது, கறை படிந்தது எல்லாம் இருந்தது. வீட்டையும் படகையும் பிள்ளையையும் இழந்து நின்ற மீனவர்கள் அதைத் தொடக்கூட இல்லை. ஒரு அம்மா, "நாங்க கடலுக்குப் போய் சம்பாரிச்சுக் கட்டுனவங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் துணி கொடுப்பது என்றால் எனக்கு அந்தக் குவியல்தான் கண்முன் நிற்கிறது. அதனால் துவையுங்கள், பட்டன் தையுங்கள், எலாஸ்டிக் போயிருந்தால் மாற்றுங்கள், மேலும் கீழுமாக ஜோடி சேர்த்து மடியுங்கள். பிறகு கேளுங்கள். அங்கன்வாடி டீச்சரிடம், தெரிந்த வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் அவர்களிடம், "நல்லா இருக்கு, பிள்ளைக்கு ஆகுமா பாருங்க" என்று கேட்டுக் கொடுங்கள். குழந்தைகள் இல்லங்களில் பல இடங்களில் புதுத்துணிதான் வாங்குகிறார்கள், அதனால் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். யாரும் வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழந்துணி வியாபாரம் நடக்கிறது, அங்கே விசாரிக்கலாம். போடவே முடியாத அளவு நைந்ததைக் கரித்துணியாக்க மனசு வராவிட்டால் விட்டுவிடுங்கள். நல்ல பாகத்தைச் சதுரமாக வெட்டித் தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு போர்வைக்கு மேல்துணியாகத் தைத்துக் கொடுப்பார்.

மகள் வேண்டாம் என்கிறாள், இருந்தாலும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணியைச் சுற்றுவது நம் வழக்கம். நன்றாக வாழ்ந்த பெரியவர் கட்டிய வேட்டியைக் கேட்டு வாங்கிச் சுற்றுவார்கள். பலமுறை துவைத்த பருத்தியைவிட மென்மையானது எதுவும் இல்லை என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். குழந்தை பிறந்து கையில் வந்த பிறகு மகளே கேட்பாள் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டாலும் குற்றமில்லை, அது அவள் வீடு.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பீர்கள். அந்த நெடி ஏறிய துணியை அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போடக்கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் சில பேர் உண்டு, பார்த்தால் தெரியாது. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால் அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான ரத்தச்சோகையும் மஞ்சள் காமாலையும் வரும். பலமுறை துவைத்து, பல நாள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, கொஞ்சமும் வாசனை இல்லை என்றான பிறகுதான் குழந்தை பக்கம் கொண்டுபோக வேண்டும். சந்தேகம் இருந்தால் வேண்டாம். இனி வைக்கப்போகும் துணிக்கு அந்துருண்டையே தேவையில்லை. அந்துப்பூச்சி பட்டையும் கம்பளியையும்தான் தின்னும், சுத்தமான பருத்தியை அதிகம் தொடாது. கஞ்சி போட்ட துணிக்கு வேறு பூச்சி வரும், அதனால் கஞ்சி இல்லாமல் துவைத்து மொறுமொறுவென்று காய்ந்த பிறகு வெள்ளை வேட்டித்துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டே. பட்டுப்பாவாடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள்.

தூளி கட்டிய புடவை இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள், ஆனால் அதிலேயே பேரக்குழந்தைக்குத் தூளி கட்டவும் வேண்டாம். இருபது வருடம் மடிப்பிலேயே கிடந்த பருத்தி, பார்க்க நன்றாக இருந்தாலும் மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப்போயிருக்கும். குழந்தையோடு கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே நான்காக மடித்து விரிப்பாகப் போடுங்கள்.

இப்போது நீலப் பை.

உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் நீலப் பைக்கு நான்கே வரி. அந்த நான்கு வரியை எழுதத்தான் மற்ற பக்கங்களையெல்லாம் எழுதினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் துணி வாங்கக்கூடாது என்பது நம் வீடுகளில் பழைய கட்டுப்பாடு. பிரசவமே கண்டமாக இருந்த காலத்தில், ஆசை வைத்துவிட்டு ஏமாந்துபோகக்கூடாதே என்று பெரியவர்கள் தாயின் மனசைக் காப்பாற்ற வைத்த கட்டுப்பாடாகத்தான் அதை நான் பார்க்கிறேன். நாளடைவில் அது தாயைக் குற்றம் சொல்கிற கட்டுப்பாடாகிவிட்டது. அன்று யார் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் "ஆசைப்பட்டு" என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறீர்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அல்லது யாரும் சொல்லாமலே நீங்களே உங்களுக்கு 25 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் துணி வாங்கியதால் குழந்தை இறக்கவில்லை. வயிற்றிலோ பிரசவத்திலோ குழந்தை தவறுவதற்கு மருத்துவத்தில் காரணங்கள் இருக்கின்றன. தாய்க்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொற்று, நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிடுவது, குழந்தைக்குப் போதிய ரத்தம் போகாமல் இருப்பது, பிறவிக் கோளாறு. பல பேருக்கு எவ்வளவு சோதித்தாலும் காரணமே தெரியாமல் போவதும் உண்டு. எந்த மருத்துவரும் எந்த நாட்டிலும் முன்கூட்டி வாங்கிய துணியைக் காரணமாகச் சொன்னதில்லை. நீங்கள் செய்தது உங்கள் குழந்தைக்காக ஆசையோடு காத்திருந்தது மட்டும்தான். இந்தப் பத்தியை மட்டும் வெட்டி அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டாலும் சரி.

அந்தக் காலத்தில் பல இடங்களில் தாய்க்குக் குழந்தையைக் காட்டவே மாட்டார்கள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவசரமாக எடுத்துப் போய்விடுவார்கள். உங்களுக்குக் காட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போது பல நாட்டு மருத்துவமனைகளில் பெற்றோர் விரும்பினால் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளலாம், பாதத்தின் மையடையாளத்தையும் போர்த்திய துணியையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தை இருந்தது என்பதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். யாரும் உங்களுக்குச் செய்யாததை நீங்களே செய்துகொண்டீர்கள். அந்தக் குழந்தைக்குப் படம் இல்லை, ரேஷன் கார்டில் பெயர் இல்லை. ஒரு பை இருக்கிறது. லாஸ்பேட்டை வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு பைக்கு இடமிருக்கும். அதைக் கழிக்க வேண்டிய சாமான் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பேரக்குழந்தைக்குப் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தோஷம் எதுவும் இல்லை. ஆனாலும் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். வரப்போகும் குழந்தை தன் சொந்த ஆளாக வரட்டும். அந்தத் துணியை அதன்மேல் போட்டால் ஒவ்வொரு முறையும் உங்கள் கண் இன்னொரு குழந்தையைத் தேடும். இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனியே இடம் கொடுங்கள். நீலப் பையில் இருப்பது அந்தக் குழந்தையின் துணி. அது அதற்கே இருக்கட்டும்.

மகளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். 2000-ல் அவளுக்கு மூன்று வயது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதும் வெறுங்கையோடு வந்ததும் மங்கலாக ஞாபகம் இருக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது கேட்டால் பயந்துவிடுவாள். பிரசவம் ஆகி, சில மாதம் போய், அவள் ஓய்வாக இருக்கும் ஒரு மதியம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவளாகவே கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். மருத்துவர் அவளிடம் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம், அப்போது உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவர். "கொளுத்திடலாம்" என்றது கல்மனசில் சொன்னதாக எனக்குப் படவில்லை. நம் பக்கத்தில் இப்படித் தவறிய குழந்தையை ஆண்கள்தான் எடுத்துப் போவார்கள். தாய் கட்டிலில் கிடப்பாள். அன்று உங்கள் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு போனது அவராக இருக்கலாம். அப்படியென்றால் அதன் முகத்தைப் பார்த்த ஒரே ஆள்கூட அவராக இருக்கலாம். வந்து உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள். பெட்டியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்தான். முதலில் அவரோடு பேச ஆரம்பியுங்கள். சமையலறைச் சாமானைப் பிரிக்க உதவிக்குக் கூப்பிடுங்கள். நான்கைந்து நாள் போன பிறகு, பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு, "அன்னைக்கு எங்க கொண்டுபோய் வச்சீங்க?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது. எழுந்து வெளியே போய்விட்டாலும் விட்டுவிடுங்கள், அவர் திரும்பி வருகிறவரை கேள்வி அங்கேயே இருக்கட்டும்.

குடிபோகும் நாளன்று பெட்டிகளும் பாத்திரங்களும் குட்டியானையில் முன்னால் போகட்டும். நீலப் பையை அதில் ஏற்றாதீர்கள். நீங்களும் அவரும் பின்னால் போகும்போது அது உங்கள் மடியில் இருக்கட்டும்.